சாய்ந்த படகு ஏன் நிமிர்கிறது?

சிறிய தீவு ஒன்றுக்குக் குடும்பத்தோடு புறப்படும்போது, படகுத்துறையின் அசையாத தரையிலிருந்து ஏறுபலகையைக் கடந்து படகின் தளத்தில் முதல் அடி வைக்கும் அந்த நொடியிலேயே காலுக்குக் கீழே ஏதோ நழுவுவது போலிருக்கும். பெட்டியோடு ஒருவர் ஏறினால் படகு அவர் பக்கம் லேசாகச் சரிந்து, மீண்டும் நிமிர்கிறது. கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தை, "கவிழ்ந்துவிடுமா?" என்று கேட்கும். "கவிழாது" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஏன் கவிழாது என்று அடுத்த கேள்வி வந்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அடியில் கனம் அதிகம்" என்பதே. அந்தப் பதிலில் உண்மை பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி படகுக்கு வெளியே, தண்ணீரில் இருக்கிறது.

மிதப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கினால் மிதக்கும் என்பதை ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். எடுத்துக்காட்டுக்காக 25 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 200 டன் எடையும் கொண்ட ஒரு பயணிகள் படகை எண்ணிக்கொள்வோம். கடல்நீர் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோ எடை கொண்டது என்பதால், இந்தப் படகு சுமார் 195 கன மீட்டர் நீரை இடம்பெயரச் செய்துகொண்டு நிற்கிறது. பயணிகள் 100 பேர் மூட்டை முடிச்சுகளோடு ஏறும்போது கூடுதலாகச் சேரும் 10 டன்னுக்காக, படகு வெறும் 6 சென்டிமீட்டர் அளவுதான் கீழே இறங்கும். துறையில் வரிசையில் நிற்கும் நேரத்தில், படகின் பக்கவாட்டில் தீட்டப்பட்டிருக்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு விரல் நீளத்துக்கும் குறைவான அந்த இறக்கத்தைக் கண்ணாலேயே காணலாம்.

மிதப்பது எளிது, நிமிர்ந்து மிதப்பதுதான் கடினம். படகின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் கீழ்நோக்கி இழுப்பதாகக் கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். நீர் மேல்நோக்கித் தள்ளுவதும் ஒரே புள்ளியில் குவிவதாகக் கொள்ளலாம்; அது மிதப்பு மையம், அதாவது நீருக்குள் அமிழ்ந்திருக்கும் பகுதியின் நடுப்புள்ளி. இவற்றுள் ஈர்ப்பு மையமே கீழே இருக்கும் என்று பலரும் நினைப்பார்கள், ஏனெனில் தலையாட்டி பொம்மை அப்படித்தான் நிமிர்கிறது. ஆனால் தளத்துக்கு மேல் தளம் வைத்துக் கட்டப்படும் பயணிகள் படகுகளில் ஈர்ப்பு மையம் பெரும்பாலும் மிதப்பு மையத்துக்கு மேலேதான் இருக்கிறது. பொம்மையின் கணக்குப்படி பார்த்தால் அந்தப் படகு துறையிலேயே குப்புற விழுந்திருக்க வேண்டும்.

விழாமல் காப்பது, சாயும்போது நீருக்கடியில் நடக்கும் ஓர் இடமாற்றம். படகு வலப்புறம் சாய்ந்தால், வலப்பக்கத்து உடல் கூடுதலாக நீருக்குள் புகுகிறது. இடப்பக்கத்தில் அதே அளவு நீரைவிட்டு வெளியே வருகிறது. அமிழ்ந்த பகுதியின் வடிவம் இவ்வாறு மாறுவதால் மிதப்பு மையமும் வலப்புறம் நகர்ந்துவிடுகிறது. படகுக்குள் எதுவும் நகராதவரை ஈர்ப்பு மையம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, எடை நடுவில் கீழே இழுக்க, நீர் சாய்ந்த பக்கத்தில் மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து படகை முறுக்கி நிமிர்த்துகின்றன. விழப்போகிறவனுக்கு அவன் விழும் பக்கத்திலேயே ஓடிவந்து தோள் கொடுப்பது போன்றது இது.

இந்தத் தோள் எவ்வளவு உறுதியானது என்பதை அளக்க ஒரு வழியை 1746இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே தம் கப்பல் நூலில் விளக்கினார். படகு சற்றே சாய்ந்திருக்கும்போது, நகர்ந்துவிட்ட மிதப்பு மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு வரைந்தால், அது படகின் நடுக்கோட்டை ஏதேனும் ஓரிடத்தில் வெட்டும். அந்தப் புள்ளிக்கு அவர் வைத்த பெயர் மெட்டாசென்டர். அது ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால் படகு நிமிரும். கீழே போய்விட்டால் கவிழும். இரண்டுக்கும் இடையிலுள்ள உயரமே படகின் சேமிப்பு. அதைக் கூட்டுவதற்குச் சிறந்த வழி அகலம்தான்: நீளத்தையும் அமிழும் ஆழத்தையும் மாற்றாமல் அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால், மிதப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் நிற்கும் உயரம் நான்கு மடங்காகிறது. இரண்டு ஒல்லியான உடல்களை அகல விரித்து, மேலே ஒரே தளத்தால் இணைத்துக் கட்டும் கட்டமரான் வகைப் படகுகள் எளிதில் சாயாமைக்கு இதுவே காரணம்.

இந்தச் சேமிப்பைப் பயணிகளே செலவழிக்க முடியும். நம் எடுத்துக்காட்டுப் படகில் அந்த உயரம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தீவு கண்ணில் பட்டதும், தலா 75 கிலோ எடையுள்ள 100 பேர் நடுவிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒரே பக்கம் போய் நின்றால், படகு 6 பாகைக்குச் சற்று அதிகமாகச் சாயும். அந்தப் பக்க விளிம்பு நீரை நோக்கி 45 சென்டிமீட்டர் தாழும். சேமிப்பு அரை மீட்டராக இருந்திருந்தால் அதே கூட்டம் படகை 12 பாகைக்கு மேல் சாய்த்திருக்கும். பயணிகள் இப்படி ஒருபுறம் திரளும்போது சாய்வு 10 பாகையைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டுக் கப்பல் விதிகளில் ஒன்று. டால்பின் தெரிகிறது என்று யாராவது கூவியவுடன், எல்லோரும் ஒரே பக்கம் ஓடவேண்டாம் என்று ஊழியர் குரல் கொடுப்பது வெறும் கண்டிப்பு என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன், அது கணக்கு.

கணக்குத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில் நடந்தது சான்று. நிறுவனமொன்றின் ஊழியர்கள் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் செல்வதற்காக 2,500க்கும் மேற்பட்டோர் ஈஸ்ட்லாண்ட் என்ற கப்பலில் ஏறியிருந்தார்கள். கப்பல் இன்னும் துறையைவிட்டுக் கிளம்பவே இல்லை. முதலில் ஒரு பக்கமும், பிறகு மறுபக்கமும் மெல்லச் சாய்ந்த அது, கடைசியில் நிமிராமல் அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது. சுமார் 6 மீட்டர் ஆழமே இருந்த நீரில், கரைக்கு எட்டிய தூரத்தில் 844 பேர் இறந்தார்கள். ஏற்கெனவே தலைக்கனம் மிக்க அந்தக் கப்பலில், டைட்டானிக் விபத்துக்குப் பின் பிறந்த பாதுகாப்பு ஏற்பாடுகளின்படி, சில வாரங்களுக்கு முன்புதான் கூடுதல் உயிர்காப்புப் படகுகளையும் மிதவைகளையும் மேல்தளத்தில் ஏற்றியிருந்தார்கள். உயிர் காக்க ஏற்றிய சுமையும் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கிவிட்டது.

அப்படியானால் சேமிப்பு எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லதுதானே என்று தோன்றும். கவிழாமல் இருப்பதற்கு நல்லது; உட்கார்ந்திருப்பவர்களுக்கு நல்லதல்ல. படகு ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, பழைய நிலைக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரத்தை எளிய ஒரு சூத்திரத்தால் ஏறத்தாழச் சொல்லிவிடலாம்: படகின் அகலத்தை 0.8ஆல் பெருக்கி, அந்தச் சேமிப்பு உயரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நம் படகுக்கு அது 6.4 வினாடி. சேமிப்பு 4 மீட்டராக இருந்தால் 3.2 வினாடியில் வெடுக்கென்று நிமிரும். உள்ளே நிற்பவர் கைப்பிடியைத் தேடுவார். கால் மீட்டராக இருந்தால் ஏறத்தாழ 13 வினாடி எடுத்துத் தொட்டில் போல ஆடும். தாலாட்டும் படகு பாதுகாப்பானது என்றும், உலுக்கும் படகு ஆபத்தானது என்றும் பயணிகள் நினைப்பதுண்டு. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கொக்கியில் தொங்கும் ஒரு பையைப் பார்த்துக்கொண்டு, கைக்கடிகாரத்தில் வினாடிகளை எண்ணினாலே படகின் குணத்தை ஓரளவு படித்துவிடலாம். சாய்ந்த பக்கத்திலேயே சற்று நேரம் தயங்கி நின்று, பிறகு மனமில்லாதது போல நிமிரும் படகைத்தான் மாலுமிகள் அஞ்சுவார்கள்.

அலைகள் வந்து மோதும் இடைவெளியும் படகு இயல்பாக ஆடும் நேரமும் ஒன்றாகிவிட்டால், ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவது போல ஒவ்வோர் அலையும் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1861இல் இதைத் தெளிவாக்கினார். மாலுமி நேரே தெரியும் தீவை விட்டுவிட்டுச் சற்று வளைந்து செல்வதும், திடீரென வேகத்தைக் குறைப்பதும் சில சமயம் இந்தப் பொருத்தத்தைக் கலைப்பதற்காகத்தான். பெரிய படகுகளில் நீருக்குள் இருபுறமும் இறக்கைகள் நீட்டியிருக்கும். படகு சாயும்போது அவை எதிர்த்திசையில் திரும்பி அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; வேகம் பாதியானால் அதன் வலு கால் பங்காகிவிடும். நடுக்கடலில் அடங்கியிருந்த படகு, துறையை நெருங்கி வேகம் குறைந்ததும் ஆடத் தொடங்குவது அதனால்தான்.

வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் படகுகளுக்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு. அகலமான தட்டு ஒன்றில் அரை அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதைக் கையில் ஏந்தி நடந்து பாருங்கள். தட்டு இம்மி சாய்ந்தாலும் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். அதே நீரைக் குவளையில் எடுத்துச் சென்றால் தொல்லை இல்லை. தளும்பும் நீரின் தீமை அதன் அளவைவிட, அது பரவியிருக்கும் அகலத்தையே சார்ந்தது. அகலத்தின் மூன்றாம் அடுக்கில் அது வளர்கிறது. வண்டித்தளமோ தடுப்புகளே இல்லாத ஒரு பெரிய தட்டு. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸேபுருக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பலின் முன்கதவு மூடப்படாமல் இருந்ததால், வேகமெடுத்ததும் நீர் வண்டித்தளத்தில் புகுந்தது. சில நிமிடங்களுக்குள் அது சாய்ந்து படுத்துவிட, 193 பேர் உயிரிழந்தனர். எஸ்டோனியா என்ற கப்பல் 1994 செப்டம்பரில் பால்டிக் கடலில் முன்கதவு பிய்த்துக்கொண்டு மூழ்கி 852 பேரைப் பலிகொண்ட பிறகு, வண்டித்தளத்தில் 50 சென்டிமீட்டர் வரை நீர் தேங்கினாலும் கப்பல் நிலைகுலையக் கூடாது என்ற விதி வட ஐரோப்பியக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கு வந்தது.

இத்தனையும் சரியாக அமைந்த படகிலும் வயிறு புரளும். இதற்குப் பக்கவாட்டு ஆட்டத்தைவிட மேலும் கீழுமான ஏற்ற இறக்கமே பெரிய காரணம். அதிலும் ஐந்து வினாடிக்கு ஒருமுறை என்ற அளவில் ஏறி இறங்கினால் குமட்டல் உச்சத்தை அடைகிறது. வினாடிக்குப் பலமுறை குலுக்கும் வண்டி உடம்பை நோகச் செய்யுமே தவிர, இந்த அளவுக்கு வாந்தியை வரவழைக்காது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றின் அருகிலுள்ள இரண்டு பைகளில் கால்சியம் கார்பனேட் துகள்கள் மெல்லிய மயிரிழைகளின்மீது கிடந்து, ஏறுவதையும் இறங்குவதையும் அறிவிக்கின்றன. மூடிய அறையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண், "எதுவும் அசையவில்லை" என்கிறது; காதோ, "தூக்கித் தூக்கிப் போடுகிறார்கள்" என்கிறது. இரண்டும் முரண்படுவதைத்தான் மூளை தாங்கவில்லை என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். உள்காதின் இந்த உறுப்புகள் இரு பக்கமும் செயலிழந்தவர்களுக்குக் கடல்நோய் வருவதில்லை என்பது இதற்கு வலுவான ஆதரவு.

வீட்டில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதும் இதிலிருந்தே விளங்கும். படகு முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி, குழந்தைகள் இரு முனையிலும் அமர்ந்து ஆடும் சீசா பலகையின் அச்சைப் போல ஏறத்தாழ அமைதியாக இருக்கும். அங்கிருந்து 12 மீட்டர் தள்ளி அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அமர்ந்திருப்பவர், 4 பாகை ஆட்டத்துக்கே 80 சென்டிமீட்டர் மேலும் அதே அளவு கீழும் போய்வருவார். குழந்தைகள் ஓடிப்போய் இடம்பிடிக்கும் முன்வரிசைதான் மிக மோசமான இடம். கைக்குழந்தைகளுக்கு அநேகமாக எதுவும் ஆகாது; இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களே எளிதில் பாதிக்கப்படுகிறார்கள்; பாட்டியும் தாத்தாவும் பேரப்பிள்ளைகளைவிட நன்றாகவே தாக்குப்பிடிப்பார்கள். நீள அகலங்களின் நடுவில், கீழ்த்தளத்தில், தொடுவானம் தெரியும் சன்னலோரம் கிடைத்தால் அதுவே சிறந்தது. மருந்து எடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு, படகு கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தன் வேலையைக் குறைத்துக்கொள்வதால் விழுங்கிய மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும்.

பயணம் போதிய நேரம் நீண்டால், மூளை தோற்றுப்போகாமல் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறது: படகின் ஒவ்வோர் ஏற்றத்தையும் முன்கூட்டியே எதிர்பார்த்து, காது சொல்வதிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. அந்தப் பழக்கம் துறையில் இறங்கியவுடன் நின்றுவிடுவதில்லை. தீவின் மணலில் கால் வைத்ததும், வராத அலைக்காக மூளை தன் கழித்தலைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்க, அசையாத தரை மெல்லச் சாய்ந்து நிமிர்வது போல் தோன்றும். பொதுவாகச் சில மணி நேரத்தில் அது அடங்கிவிடும், அதுவரை குழந்தை, "தீவும் மிதக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்.