கடற்கரை ஊர்களின் மரபுக் கட்டடங்களுக்கு அரசு நிதி: யார் கேட்கலாம், எதற்குக் கேட்கலாம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையுள்ள ஊர்களில் பழைய கட்டடத்தைக் காக்கவோ, கலைக்கூடம் கட்டவோ அரசிடம் நிதி கேட்க நினைப்பவர்கள், எந்த வேலைக்குப் பணம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். நிற்கிற கட்டடத்தைப் பழுதுபார்ப்பதற்கும், இல்லாத கட்டடத்தை எழுப்புவதற்கும், மீனவர் வேலையின்போது பாடும் அம்பாப் பாட்டும் ஒயிலாட்டமும் அறிந்த பெரியவர்களைத் தாங்குவதற்கும் நிதி தனித்தனியாகவே உள்ளது.

புதிய கட்டடத்திற்கு உதவுவது, ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் நடத்தும் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா திட்டத்தின் கட்டட மானியப் பிரிவு. ஒத்திகைக் கூடம், சிறு அரங்கம், பயிற்சி வகுப்பறை போன்றவற்றைக் கட்டவும், அவற்றுக்கு ஒலி, ஒளி, மின் வசதிகள் செய்யவும் பெருநகரங்களில் ரூ. 50 லட்சம் வரையும், பிற இடங்களில் ரூ. 25 லட்சம் வரையும் மானியம் உண்டு. நமது மாவட்டம் இரண்டாவது வகையில் வரும். இதே திட்டத்தில் தாகூர் பண்பாட்டு வளாகம் என்னும் பெரிய பிரிவில் ரூ. 15 கோடி வரை கேட்கலாம் என்றாலும், செலவில் 40 விழுக்காட்டை விண்ணப்பிப்பவரே ஏற்க வேண்டும் என்பதால், மீனவக் கிராமத்துச் சங்கம் ஒன்றுக்கு முதலாவதே ஏற்றது.

பணம் தனிமனிதருக்கோ, பதிவில்லாத ஊர்க் கமிட்டிக்கோ வராது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழோ அறக்கட்டளையாகவோ அமைப்பைப் பதிவு செய்து, தன்னார்வ அமைப்புகளுக்கான தர்ப்பண் இணையதளத்தில் எண் பெற்று, கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்து வைத்திருக்க வேண்டும். நமது ஊர்களில் இதைவிடப் பெரிய தடை நிலம். தலைமுறைகளாக ஊர் கூடும் திடல் பல இடங்களில் புறம்போக்காகவே இருக்கிறது. சங்கத்தின் பெயரில் பட்டாவோ பதிவு செய்த குத்தகையோ இல்லாமல் கட்டட நிதி கேட்க முடியாது. நிலம் கடலை ஒட்டியிருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் தேவை. அதற்கான மனு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு வழியாகச் செல்லும். வரைபடம் போடுவதற்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்த்துவிடுவது பல மாத அலைச்சலைக் குறைக்கும்.

பழைய கட்டடத்தைப் பொறுத்தவரை, அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனையைப் போல மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதை ஊரார் தாமாகத் தொடக்கூடாது. கோயிலுக்கு அறநிலையத் துறையையும், பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் வக்ஃபு வாரியத்தையும் அணுக வேண்டும். 1996-இல் நிறுவப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியம் குறிப்பிட்ட ஒரு பணிக்கென்றே நன்கொடை பெறும். நிறுவனங்கள் சட்டத்தின் 7-ஆம் அட்டவணைப்படி மரபுக் கட்டடங்களைச் சீரமைப்பதும் நிறுவனங்கள் பொதுப்பணிக்கு ஒதுக்கும் நிறுவனச் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதிக்கு உரிய வேலையே.

மதிப்பீடு தயாரிக்கும்போது ஒரு செய்தியை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இக்கரையின் பழைய சுவர்களில் பல, பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. அவற்றின் மேல் சிமென்ட் பூசினால் உப்பு ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, பூச்சு பார்வைக்குப் புதிதாக இருக்கும்போதே தட்டினால் வெற்றொலி கேட்கும். பெயர்த்துப் பார்த்தால் கல் மாவாகக் கொட்டும். ஆகவே கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்தையும், அந்த வேலை தெரிந்த கொத்தனார் கூலியையும் மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் சேர்ப்பது கடினம். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் கடலிலிருந்து புதிய கல் எடுப்பது குற்றம். இடிந்து விழுந்த பழைய கற்களை எண்ணி அடுக்கி, படம் எடுத்து, அவற்றையே திரும்பப் பயன்படுத்துவதாகக் குறிப்பிடுவது நல்லது.

அழகன்குளம் அகழாய்வு காட்டிய கடல் வணிகத் தொன்மையைக் கொண்ட இம்மாவட்டத்தில், ரூ. 21 கோடியில் நாவாய் (கப்பல்) அருங்காட்சியகம் அமையும் என்று தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை கூறியுள்ளது. அது அரசே கட்டுவது. ஊராரின் வத்தை என்னும் படகும் வலையும் சங்குக் குளிப்புக் கருவிகளும் அங்கே இடம்பெற வேண்டுமானால் இப்போதே பட்டியலிட்டுத் தொல்லியல் துறைக்கு எழுதலாம். வீடுகளில் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) ஏடுகளோ ஓலைச்சுவடிகளோ வைத்திருப்பவர்களுக்கு, ஒன்றிய அரசு அதே ஆண்டு அறிவித்த ஞான பாரதம் இயக்கம் ஆவணப்படுத்தும் வாய்ப்பைத் தருகிறது.

கட்டடம் வருமுன் கலை தெரிந்தவர் மறைந்துவிடக் கூடாது என்பதால், 60 வயது நிறைந்து ஆண்டு வருமானம் ரூ. 72,000-க்கு மிகாத கலைஞர்களுக்கு மாதம் ரூ. 6,000 வரை கிடைக்கும் ஒன்றிய அரசின் உதவிக்கும், மாநில நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினர் பதிவுக்கும் சங்கமே முன்னின்று மனு எழுதித் தர வேண்டும். பெரும்பாலும் இவர்களிடம் மேடை ஏறிய சான்று எதுவும் இருப்பதில்லை. திருவிழா அழைப்பிதழ், ஊராட்சித் தலைவரின் கடிதம், பழைய நிழற்படம் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுப்பது சங்கத்தால் முடிகிற வேலை.

மானியம் வந்தபின் அதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் காத்து, பட்டயக் கணக்காளர் சான்றளித்த பயன்பாட்டுச் சான்றிதழை உரிய காலத்தில் அனுப்ப வேண்டும். அது நிலுவையில் இருக்கும்வரை அடுத்த தவணை வராது.