மூன்று முறை ஃபார்மேட் போட்ட கம்ப்யூட்டர்

“தம்பி, மூணு தடவை ஃபார்மேட் போட்டாச்சு. நாலாவதா நீங்களும் போட்டுடாதீங்க” என்று சொல்லித்தான் அந்த அம்மா கேபினெட்டை என் மேசையில் இறக்கினார்கள். 2020 ஊரடங்கில் அவர்கள் மகன் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டியது. மகன் இப்போது வெளிநாட்டில். மருமகள் ஜிஎஸ்டி கணக்கு போடுவதும் பேத்தி படிப்பதும் அதில்தான். வீட்டு விசேஷப் படங்கள் எல்லாமும் அதற்குள்தான். நாலு மாதமாக ஹேங் ஆகி அப்படியே நின்றுவிடுகிறது. சில நாள் தானாகவே அணைந்து எழுகிறது.

ஹேங் ஆகும் கம்ப்யூட்டரைக் கண்டதும் ஃபார்மேட் போடுவது, அதாவது டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது, எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். இரண்டு மணி நேரத்தில் முடியும், பில் போடலாம், கொஞ்ச நாள் புதுசு போல ஓடும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் செய்திருக்கிறேன். வைரஸோ, பாகங்களை விண்டோஸோடு இணைக்கும் டிரைவர் மென்பொருளில் குழப்பமோ இருந்தால் பலன் உண்டு. ஆனால் கோளாறு, ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமிலோ மின்சாரத்திலோ இருந்தால், நோய் அப்படியே இருக்கும். அது எப்போதெல்லாம் வந்தது என்று விண்டோஸ் எழுதி வைத்த குறிப்புதான் அழிந்துபோகும்.

அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கேள்வி கேட்பேன். எந்த நேரத்தில் நிற்கிறது? அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது? திரையில் படம் அப்படியே உறைகிறதா, அல்லது மொத்தமாக இருட்டாகிறதா? மருமகள் தெளிவாகச் சொன்னார்: படங்களை காப்பி செய்யும்போது உறைகிறது, அது எந்த நேரமும் நடக்கும். அணைந்து எழுவது மட்டும் பொழுது சாய்ந்த பிறகுதான். “கேபினெட்டத் தொட்டா லேசா ஷாக்கும் அடிக்குதுண்ணே” என்றார். இந்தப் பதில்களிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. இரண்டு வேறு நோய்கள் ஒரே உடம்பில் இருந்தன. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது தொடர்வதால், ‘எதுவுமே சரியாகவில்லை’ என்றுதான் வீட்டாருக்குத் தோன்றும்.

விண்டோஸ் எழுதி வைத்த குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூயரைத் திறந்தேன். ஸ்டார்ட் மெனுவில் தேடினாலே வரும், சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். ‘கெர்னல் பவர் 41’ என்ற வரி வரிசையாகக் கிடந்தது. அதில் பவர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு உடனே எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாற்றுபவர்கள் நிறைய. ‘முறையாக ஷட்டவுன் ஆகாமல் திரும்ப எழுந்தேன்’ என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். ஹேங் ஆன கம்ப்யூட்டரை நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே வரிதான் பதிவாகும். நமக்கு அதில் உதவுவது தேதியும் நேரமும்.

உறைவதற்கு முதலில் ரேமைத்தான் சந்தேகித்தேன். 8 ஜிபி ரேம் இரண்டு. கழற்றி, தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மென்மையாகத் துடைத்து, க்ளிக் சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டினேன். ரேம் பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை ஆன் செய்தால்தான் கிடைக்கும். அது ஒருவகை ஓவர்கிளாக்கிங், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அதையும் அணைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். முதல் இரண்டு சுற்று சுத்தம். மூன்றாவது சுற்றில் சிவப்பாக வரிகள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘ரேம் நல்லாருக்கு’ என்று நிறுத்தியிருந்தால் இது சிக்கியிருக்காது. இந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், ‘ஒண்ணுதானே’ என்று விடக்கூடாது. பிறகு ஒவ்வொரு ரேமாக, ஒரே ஸ்லாட்டில் வைத்து ஓட்டினேன். ஒன்று தேறியது, ஒன்று தேறவில்லை. ஸ்லாட்டையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி ரேமா மதர்போர்டா என்று தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ரேம் கெட்டால் ஹேங் ஆவதோடு நிற்காது, அதுதான் என் பெரிய கவலை. நீங்கள் காப்பி செய்யும் ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) புரண்டால் ஃபைல் புரண்டபடியே டிஸ்கில் எழுதப்படும், எந்த எச்சரிக்கையும் வராது. மூன்று முறை ஃபார்மேட்டுக்கு முன்னும் படங்களை வெளியே எடுத்து, பின்னால் திரும்ப உள்ளே போட்டது இந்தக் கெட்ட ரேம் இருந்த கம்ப்யூட்டரில்தான். திறந்து பார்த்தபோது பல படங்களில் மேல்பாதி முகங்கள், கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம். அடிக்கடி ஹேங் ஆகும் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுக்காதீர்கள். டிஸ்கைக் கழற்றி, நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள்.

அணைந்து எழும் நோய் என் கடையில் இரண்டு நாளாகியும் வரவே இல்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்கே போனேன். பக்கத்து வீட்டு போர் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் டியூப்லைட் மங்கியது. அந்த நொடியில் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது, பேட்டரியோ என்றைக்கோ செத்துவிட்டது. கரண்ட் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 16, 17 மில்லி செகண்ட்தான். பேட்டரியை மாற்றியதும் அது நின்றது.

ஷாக்குக்குக் காரணம் எர்த் இல்லாதது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தார்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர், மின் இரைச்சலைக் கேபினெட் வழியாக எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லையென்றால் கேபினெட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் உள்ளே நிஜமாகவே இன்சுலேஷன் விட்டுப்போனால், வெளியேற வழியில்லாத கரண்ட் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும். பேத்தி வெறுங்காலோடு உட்கார்ந்து படிக்கும் இடம் அது. அன்றைக்கே எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். கேம் ஆடும்போது மட்டும் அணைந்தால் சூட்டைப் பாருங்கள். கூலரின் நாலு பின்னும் முழுசாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அரை நிமிடம் நின்று தானாக நகர்ந்தால் டிஸ்க். டிஸ்கின் நலம் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சிஆர்சி பிழை (தகவல் வழியில் சிதைவது) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அவற்றில் பல மாடல்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் சிப் தேய்வதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அப்டேட் மீட்காது, வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

அந்த வீட்டு ரேமுக்கும் வாரண்டி இருந்தது, பில்லை மகன் மெயிலில் வைத்திருந்தார். புது ரேம் வந்ததும் இரண்டு இரவு மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. சாம்பலாகிப்போன படங்களில் பலவற்றுக்கு மருமகளின் பழைய போனில் அசல் கிடைத்தது. தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் படங்கள் சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை.