எவர்சில்வர் கரண்டியை முலாம் பாத்தில் தொங்கவிடாதீர்கள்

போன திங்கட்கிழமை புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி, மூடி போட்ட பக்கெட்டை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு எங்கள் முலாம் பட்டறைக்கு வந்தான். “அண்ணே, நிக்கல் பாத் கெட்டுப்போச்சு. கொஞ்சம் பிரைட்னர் குடுங்க, சரியாயிடும்.” பாத் என்பது முலாம் பூசும் கரைசல், பிரைட்னர் பூச்சுக்குப் பளபளப்பு தரும் சேர்மானம். சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய சைக்கிள் ஹேண்டில்பாருக்கு மொட்டைமாடியில் தானே முலாம் பூசுகிறானாம்.

மூடியைத் திறந்தேன். நல்ல நிக்கல் பாத் மரகதப் பச்சையாக, அடி தெரியும் தெளிவோடு இருக்கும். இது மஞ்சள் கலந்த கலங்கல். அடியில் துருநிறச் சேறு.

“ஆனோடுக்கு என்ன போட்ட?” என்று கேட்டேன். கரண்டின் பிளஸ் பக்கத்தில் மாட்டிப் பாத்தில் தொங்கவிடும் உலோகம்தான் ஆனோடு.

“எவர்சில்வர் கரண்டிதாண்ணே. அதுலயும் நிக்கல் இருக்குல்ல?”

இந்த வருஷம் எனக்கு இது மூன்றாவது கரண்டி.

இருக்கிறது, மறுக்கவில்லை. 304 ரக எவர்சில்வரில் 100 கிராமுக்குச் சுமார் 8 கிராம் நிக்கல். கூடவே 18 கிராம் குரோமியம், மிச்சம் பெரும்பாலும் இரும்பு. மலிவு விலைப் பாத்திரங்கள் பலவும் 200 வரிசை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். பிளஸ்ஸில் மாட்டினால் நிக்கல் மட்டும் நல்லபிள்ளையாக இறங்கி வராது. எல்லாமே சேர்ந்துதான் இறங்கும்.

“துருவே பிடிக்காதது எப்படிண்ணே கரையும்?” இதையும் மூன்று பேருமே கேட்டார்கள். துருப்பிடிக்காமல் காப்பது மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு தோல். புளிக்கும் தக்காளிக்கும் அது தாங்கும். ஆனால் சாம்பார் வைக்கும்போது யாரும் பாத்திரத்துக்கு 12 வோல்ட் கொடுப்பதில்லையே! அந்த அழுத்தத்தில் தோல் போய், குரோமியம் தண்ணீரில் இறங்குகிறது. அதில் ஒரு பங்கு ஹெக்ஸாவேலண்ட் குரோமியமாக வரலாம். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான விஷம் அது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் அங்கே நிலத்தடி நீரை என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

“பாத்துல ஊத்தினது வினிகரும் உப்பும்தானே, சாப்பிடற பொருள்தானே” என்பது அடுத்த சமாதானம். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டால் குளோரின் கிளம்பலாம். அதையும் சாப்பிடுவீர்களா?

பிரைட்னர் மருந்தல்ல. லிட்டருக்குச் சில மில்லிகிராம் ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் புகுந்தாலே நிக்கல் பூச்சு உரியும். அதன்மேல் பிரைட்னரை ஊற்றினால் பூச்சு நொறுங்கவும் ஆரம்பிக்கும். (கொஞ்சம் பூச்சு மங்கினாலே எங்கள் தொழிலிலும் பாதிப் பேர் பாட்டிலைத்தான் தேடுகிறார்கள். பொருளை ஒழுங்காகக் கழுவினோமா என்று பார்ப்பதில்லை. கழுவிய பொருள்மேல் தண்ணீர் திட்டுத்திட்டாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.)

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: சுத்த நிக்கல் ஆனோடு வாங்குங்கள், துணிப்பை மாட்டித் தொங்கவிடுங்கள். பூச்சில் போகிற நிக்கலை அதுவே ஏறக்குறைய ஈடுகட்டும். ஆவியாகிக் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். கடலோர ஊர் போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். புளிப்பின் அளவைக் காட்டும் பிஹெச் 3.5-லிருந்து 4.5-க்குள் இருக்கட்டும். போகப்போக அது ஏறும். நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு இறக்குங்கள். சீக்கிரம் பூசட்டும் என்று வோல்ட்டை அளவுக்கு மேல் கூட்டாதீர்கள், ஓரம் கருகும்.

கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் போகாது. வாட்ச் பின்பக்கம் பட்டாலும் அரிக்கும். நிக்கல் சல்பேட் பச்சைக் கற்கண்டு மாதிரியே இருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் தயவுசெய்து இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

பழைய சொலியூஷனை பாத்ரூமிலோ பெரிய வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் வந்ததற்கு ஆயி மண்டபம் எழுப்பிய ஊர் இது. இன்றைக்கும் பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறோம். மூடி, பெயர் எழுதி, அனுமதியுள்ள பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். என்னிடம் வந்தால் திட்டுவேன், ஆனால் வாங்கிக்கொள்வேன்.

தம்பியின் சொலியூஷன் இப்போது எங்கள் கழிவு டிரம்மில், கழிவு எடுக்கும் வண்டிக்காகக் காத்திருக்கிறது. கிளம்பும்போது தயங்கி நின்றான். “அண்ணே, அந்த பக்கெட்ட கழுவிக் குடுத்துடறீங்களா? அம்மா துணி ஊறவெக்கிறது.”

எதிர்க்கடையில் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.