திம் சம்: நெஞ்சா, வயிறா?

மூங்கில் கூடையில் ஆவி பறக்க வரும் சீனப் பலகாரம் திம் சம்; ஆங்கில வழியில் ‘டிம் சம்’. ‘டிம் சம்’ என்றால் ‘இதயத்தைத் தொடுவது’ என்று பொருள். சீன உணவகங்களின் விலைப்பட்டியல் அட்டையில் தவறாமல் காணப்படும் வரி இது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவருக்கு இதயத்தின் மேல் என்ன அக்கறை?

சொல் இரண்டு எழுத்தால் ஆனது. முதல் எழுத்துக்குப் புள்ளி, புள்ளி வைத்தல், லேசாகத் தொடுதல், கொஞ்சம் என்று பல பொருள் உண்டு. இரண்டாவது எழுத்து இதயம். மனம் என்றும் கொள்ளலாம். இரண்டையும் அகராதியில் பார்த்து ஒட்டவைத்தால் ‘இதயத்தைத் தொடுவது’ கிடைத்துவிடும். சிக்கல் இரண்டாவது எழுத்தில் இருக்கிறது. பழைய சீன வழக்கில் அது நெஞ்சுக்குழியையும் வயிற்றையும் சேர்த்தே குறிக்கும். வெறும் வயிற்றில் மருந்து சாப்பிடுவதைச் சொல்ல ‘வெற்று இதயம்’ என்று எழுதுவார்கள். நமக்கும் இது புதிதல்ல. வயிற்று அமிலம் மேலேறி வந்து செய்யும் வேலைக்கு நாம் ‘நெஞ்செரிச்சல்’ என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்!

சொல்லின் வயதுக்கும் சான்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில், சோங் அரசர் காலத்தில் வாழ்ந்த வூ செங் என்ற அறிஞர், காலையில் உண்ணும் சிறு உணவை இப்படி அழைப்பது அதற்கு முந்தைய தாங் அரசர் காலத்திலிருந்தே உள்ள வழக்கு என்று குறித்துவைத்திருக்கிறார். அதற்கு அவர் காட்டும் கதையில் ஓர் அதிகாரியின் மனைவி தம்பியிடம் சொல்கிறாள்: “நான் இன்னும் அலங்காரம் முடிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. நீ முதலில் திம் சம் செய்துகொள்.” அங்கே அது பண்டத்தின் பெயரல்ல, ஒரு செயல். ‘கொஞ்சம் எதையாவது போட்டு நெஞ்சை அமர்த்திக்கொள்’ என்பதுதான் கருத்து. செயல் பிறகு பண்டத்தின் பெயரானது.

அதே இரண்டு எழுத்து அண்டை நாடுகளுக்குப் போய் வேறு வேறு வேளைகளில் உட்கார்ந்துகொண்டது. வியட்நாமியத்தில் ‘தியெம் தாம்’ காலை உணவு. கொரிய மொழியில் ‘சொம்சிம்’ மதியச் சாப்பாடு. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ‘தியென்சின்’ என்றால் கேக், இனிப்பு, பலகாரம் எல்லாம் அடக்கம். மூங்கில் கூடையில் ஆவி பறக்க வரும் பண்டம் என்று உலகம் இன்று புரிந்துகொள்வது தென்சீனாவின் கான்டனிய மொழி பேசும் கான்டனியர்கள் தந்த பொருள். அவர்களின் ஊர் குவாங்சௌ, பிறகு ஹாங்காங்.

ஆனால் ஒரு கான்டனியர் ‘திம் சம் சாப்பிடப் போகிறேன்’ என்று சொல்வது அபூர்வம். ‘யம் சா’ என்பார். தேநீர் குடிப்பது என்று பொருள். (நம் ‘சாயா’வில் இருப்பதும் இந்தச் ‘சா’தான். ‘தேயிலை’யில் உள்ள ‘தே’ தென்கிழக்குச் சீனாவின் ஃபூச்சியன் கரையோரப் பேச்சிலிருந்து வந்தது.) அவர்கள் தேநீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வயிறாரச் சாப்பிடுகிறார்கள். நாம் ‘டீ சாப்பிடப் போலாமா’ என்று கேட்டுவிட்டுக் குடிக்கிறோம்.

அந்தத் தேநீர் கிடைக்கும் இடம் ‘சா லௌ’, அதாவது தேநீர் மாடி. 19ஆம் நூற்றாண்டு குவாங்சௌவில் இரண்டு லி (‘லி’ சிறு நாணயக் கணக்கு) காசுக்குத் தேநீர் தந்த சாதாரணக் கடைகள் இருந்தன. விலையையே பெயராக்கி ‘இரண்டு லிக் கடை’ என்றார்கள். பிறகு மாடி வைத்த பெரிய கடைகள் வந்தன. 1889இல் குவாங்சௌவில் தொடங்கிய லின் ஹியூங், தாமரை விதைப் பூரணத்துக்குப் பெயர்பெற்றது. ஹாங்காங்கில் 1933இல் தொடங்கிய லுக் யூ, தேநீரைப் பற்றி நூல் எழுதிய தாங் காலத்து லூ யூவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பழைய மாடிக் கடையில் காலையில் தனி மேசை எதிர்பார்க்கக் கூடாது. எங்கே நாற்காலி காலியோ அங்கே உட்கார வேண்டும். எதிரே செய்தித்தாளுக்குள் தலையைப் புதைத்திருக்கும் பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். முதலில் ஊற்றும் சூடான தேநீர் குடிப்பதற்கல்ல. அதில் கிண்ணத்தையும் குச்சிகளையும் அலசிக் கொட்டுவார்கள். அடுத்து, என்ன இலை என்ற கேள்வி: எண்ணெய்ப் பண்டத்துக்குப் பின் இதமாக இருக்கும் கறுத்த ‘போ லேய்’, லேசான ‘சௌ மேய்’, மல்லிகை மணக்கும் ‘ஹியூங் பின்’. வெந்நீர் தீர்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம், மூடியைத் திறந்துவைத்தால் போதும். பக்கத்திலிருப்பவர் உங்கள் கிண்ணத்தை நிரப்பினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்ட வேண்டும். மாறுவேடத்தில் வந்த சியன்லோங் பேரரசர் தேநீர் ஊற்றியபோது, மண்டியிட முடியாத சேவகன் விரலை மண்டியிட வைத்தான் என்றொரு கதை இதற்கு உண்டு. கதைதான், ஆனால் தட்டும் பழக்கம் நிஜம்.

பழைய வாடிக்கையாளரின் கணக்கு ‘யத் சுங் லேங் கின்’: மூடிக் கிண்ணம் ஒன்று, பண்டம் இரண்டு. கூடை எடுக்க எடுக்க மேசையிலுள்ள அட்டையில் முத்திரை விழும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று விலைப் பிரிவு. கடைசியில் முத்திரையை எண்ணிக் காசு.

பண்டங்களில் ‘ஹா காவ்’ நமக்கு உடனே பிடிபடும்: இறால் பூரணம் வைத்த கொழுக்கட்டை. மேல்மாவுதான் வேறு. பசைச்சத்து நீக்கிய கோதுமை மாவு என்பதால் வெந்ததும் கண்ணாடிபோல் உள்ளே இருக்கும் இறால் தெரியும். ‘ஃபுங் சாவ்’ என்றால் பீனிக்ஸ் பறவையின் நகம். தட்டில் வருவது கோழிக்கால். ‘தான் தாட்’ என்ற முட்டைப் பண்டத்தில் ‘தான்’ முட்டை, ‘தாட்’ ஆங்கில டார்ட். பன்றிக்கறிப் பூரணம் வைத்த ‘சா சியூ பாவ்’ என்ற பண்டத்தில் வரும் ‘பாவ்’ பொதிதல் என்ற சீனச் சொல். மும்பையின் வடா பாவோடு அதைச் சேர்க்கக் கூடாது; அது ரொட்டியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். ‘டிம் சம்’ ஆங்கில வழியாக வந்தது. கான்டனிய உச்சரிப்பில் முதல் ஒலி அதிர்வில்லாத, நம் ‘தி’யை ஒட்டிய ஒலி. தமிழ் மரபிலும் டகரம் சொல்லுக்கு முதலில் வராது. எனவே ‘திம் சம்’ இரண்டு பக்கத்துக்கும் நல்லது. உயிர் சற்று நீளும் என்பதால் ‘தீம் சம்’ இன்னும் நெருக்கம்தான். ஆனால் தீம்பால், தீங்கனி என்று பழகிய நம்மவர் ‘இனிமையிலிருந்து பிறந்த தமிழ்ச் சொல்’ என்று கிளம்பிவிடுவார்கள். குறிலே இருக்கட்டும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘இதயந்தொடி’ போன்ற ஆக்கங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘சிற்றுண்டி’, வூ செங் சொன்ன ‘சிறு உணவு’க்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அதைச் சொன்னதும் நம் கண்ணில் இட்லிதான் தெரியும். அதனால் கூடையில் வரும் பண்டத்துக்கு ‘திம் சம்’ என்றே எழுதலாம். அந்த அதிகாரியின் மனைவி தம்பியிடம் சொன்ன வினைக்கு மட்டும் நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் காலை உணவைப் ‘பசியாறுதல்’ என்பார்கள். அந்த வரியை நான் மொழிபெயர்த்தால் இப்படித்தான் எழுதுவேன்: “நான் வர நேரமாகும், தம்பி. நீ முதலில் பசியாறு.”