கல்லுக்கு ஒரு வெளிச்சம், துணிக்கு ஒரு வெளிச்சம்

நகரி, புத்தூர், காளஹஸ்தி பக்கம் ஒரு சின்ன அருங்காட்சியகம் ஒரு மாதக் கண்காட்சி வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருப்பது ஒரே ஹால். ஒரு பக்க மேசையில் அந்த வட்டாரத்து இலைப் புதைபடிவங்கள். எதிர்ச்சுவரில் காளஹஸ்தி கலம்காரித் துணிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைந்த படங்களும். பார்க்க வருகிறவர்கள், கவலைப்பட வேண்டியது 10 கோடி ஆண்டுக்கும் மேல் வயதுள்ள கல்லைப் பற்றித்தான் என்று நினைப்பார்கள். வெளிச்சம் விஷயத்தில் நிலைமை நேர் தலைகீழ்.

முதலில் கல். ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு என்று இரண்டு ஊர்களின் பெயரால் புவியியலாளர்கள் அழைக்கும் பாறை அடுக்குகள் இங்கே இருக்கின்றன. 1960இல் எல்லை மாற்றியபோது சத்தியவேடு ஆந்திராவுக்குப் போய், ஸ்ரீபெரும்புதூர் தமிழ்நாட்டிலேயே நின்றதால், அடுத்தடுத்துப் படிந்த பாறைகளின் பெயர்கள் இப்போது இரண்டு மாநிலத்தில் கிடக்கின்றன. இவை டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில் படிந்தவை. இங்கே கிடைப்பவை பெரும்பாலும் பெரணிகள், ஊசியிலை மரங்கள், சைக்கஸ் போன்ற இலைகொண்ட, இப்போது அழிந்துபோன டைலோஃபில்லம் என்ற தாவரம் முதலியவை. ஓட்டோகர் ஃபெய்ஸ்ட்மான்டல் என்ற தொல்தாவர ஆய்வாளர் 1879லேயே இந்தக் கடற்கரைப் பகுதியின் தாவரப் படிவங்களை விரிவாக எழுதிவைத்தார்.

இவற்றில் பெரும்பாலானவை வெறும் அச்சுகள். இலை மென்மையான சேற்றில் விழுந்து மூடப்பட்டது, சேறு இறுகியது, இலை அழிந்துபோனது. நடு நரம்பும் ஓரமும் மட்டும் மேடுபள்ளமாக மிஞ்சின. கல்லும் இலையும் கிட்டத்தட்ட ஒரே வெளிர் நிறம். மேலே ட்யூப் லைட்டைப் போட்டால் ஒன்றுமே தெரியாது. வந்தவர் "வெறும் கல்தானே" என்று நகர்ந்துவிடுவார். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் அதே கல்லில் இலை எழும்பி வரும். ராத்திரி வண்டி ஹெட்லைட்டில் ரோட்டுப் பள்ளமெல்லாம் பெரிசாகத் தெரியுமே, அதே சங்கதிதான்.

கணக்கும் எளிது. அரை மில்லிமீட்டர் உயர நரம்புக்கு, 60 டிகிரி உயரத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் நிழல் 0.3 மில்லிமீட்டர். விளக்கை 10 டிகிரிக்கு இறக்கினால் நிழல் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர். ஒன்பது மடங்குக்கு மேல்! ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்பது நம் மூளையின் பழக்கம். விளக்கைப் பார்ப்பவர் பக்கமாக, கல்லின் கீழ் ஓரத்தில் வைத்தால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் புரண்டு தெரியும். அதனால் மேல் இடது மூலையில் வைப்பதே வழக்கம்.

இந்த வெளிச்சத்தால் கல் அச்சுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு எதிரி ஈரம். களிமண் கலந்த பாறை ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்கி, ஏடு ஏடாகப் பிரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கண்காட்சியை வைக்காமலிருப்பது புத்திசாலித்தனம். தூசி போகட்டும் என்று ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பளபளப்புக்காக வார்னிஷ் அடிப்பவர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.

இப்போது எதிர்ச்சுவர். கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். இரும்புத்துண்டுகளை வெல்ல நீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்த கரைசலால் மூங்கில் எழுதுகோல் கொண்டு கோடு போட்டதும், கடுக்காயின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து கோடு கருக்கிறது. சிவப்புக்குப் படிகாரமும் வேர்ச்சாயமும், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குக் கடுக்காய்ப்பூ போன்றவை. பச்சை வேண்டுமானால் நீலத்தின் மேல் மஞ்சள்.

ஒரு நிறம் நிறமாகத் தெரிவதற்குச் சாய மூலக்கூறின் பிணைப்புகளே காரணம். வெளிச்சத்தின் ஆற்றல் அந்தப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. புற ஊதாக் கதிர் இருந்தால் இன்னும் வேகம். உடைந்தது ராத்திரி விளக்கை அணைத்ததும் ஒட்டிக்கொள்வதில்லை. சேதம் சேர்ந்துகொண்டே போகும். எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் வெளுப்பதுமில்லை. அவுரி நீலம் நின்று தாக்குப்பிடிக்கும், இயற்கை மஞ்சள்கள் சீக்கிரம் போய்விடும். பழைய கலம்காரித் துணிகளில் செடிகொடிகளின் இலைகள் நீலமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வரைந்தவர் பச்சையாகத்தான் வரைந்தார். மேலே பூசிய மஞ்சள் பறந்து, அடியிலிருந்த நீலம் மிஞ்சிவிட்டது.

எவ்வளவு வெளிச்சம் தாங்கும் என்பதற்குச் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் (CIE) 2004இல் ஒரு வழிகாட்டி அளவு தந்தது. எளிதில் வெளுக்கும் பொருளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம், ஆண்டுக்கு மொத்தம் 15,000 லக்ஸ்-மணி. லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு. அதை மணிநேரத்தால் பெருக்கினால் வருவதே லக்ஸ்-மணி. நாளுக்கு 8 மணி நேரம் திறந்தால் 50 லக்ஸில் ஒரு நாளைக்கு 400. அப்படியானால் ஆண்டு ஒதுக்கீடு 37 நாளில் தீர்ந்துவிடும். ஒரு மாதக் கண்காட்சி என்பதற்குப் பணமோ இடமோ இல்லை என்று மட்டும் பொருளில்லை. துணியின் தாங்குசக்தியே அவ்வளவுதான். சாதாரண அலுவலகம் போல 300 லக்ஸில் வைத்தால் ஆறே நாள். ஜன்னல் வழியே நேர்வெயில் விழுந்தால், அது ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஒன்பது நிமிஷத்தில் ஒரு வருஷக் கணக்கு முடிந்தது. திரைச்சீலைக்குச் செலவு செய்யத் தயங்கி, திறப்பு விழா ஃபிளெக்ஸுக்குச் செலவழிப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

பிள்ளைகளின் படங்கள்தான் இந்த ஹாலிலேயே மிகவும் நோஞ்சான். ஸ்கெட்ச் பேனா மை பல இயற்கைச் சாயங்களைவிடவும் வேகமாக வெளுக்கும், மலிவான சார்ட் பேப்பர் தானே பழுத்துப்போகும். ஆனால் எல்லா இடத்திலும் அவற்றைத்தான் செல்லோடேப் போட்டு ஜன்னலோரம் ஒட்டுகிறார்கள். அசலை ஸ்கேன் செய்து உள்ளே வைத்துவிட்டு அச்சுப் பிரதியை மாட்டலாம். இல்லாவிட்டால் பாதிப் படங்களை முதல் பதினைந்து நாளும் மீதியை அடுத்த பதினைந்து நாளும் மாட்டலாம். பிள்ளைகள் எல்லாரின் படத்துக்கும் இடம் கிடைக்கும், பெற்றோர் இரண்டு தரம் வருவார்கள்.

சரி, ஒரே ஹாலில் பளிச்சென்ற கல்லும் மங்கலான துணியும் எப்படி? கல்லுக்கான சின்ன எல்.ஈ.டி. விளக்குகளுக்கு மறைப்பு போட்டு மேசையை விட்டு வெளிச்சம் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசலிலேயே வெளிச்சத்தைக் குறைத்து, சில நிமிஷம் நடந்து கண் பழகிய பிறகு துணிப்பக்கம் கொண்டுபோனால் 50 லக்ஸும் போதுமானதாகத் தோன்றும். கண்காட்சி முடிந்ததும் ஒவ்வொரு துணியும் எத்தனை லக்ஸ்-மணி வாங்கியது என்று பதிவேட்டில் எழுதி, மடிக்காமல் உருளையில் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும். அடுத்த முறை யாராவது அதே துணியைக் கேட்டால், கொடுக்கலாமா என்பதை அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.