ரப்பர் பாலில் இருக்கும் அதே செங்கல்தான் தைல வாசத்திலும்

போன வாரம் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியம்மா தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டு மாதக் குழந்தை, நல்ல சளி, மூச்சு விடும்போதெல்லாம் கொர் கொர் என்று சத்தம். பெரியம்மா இடுப்பில் செருகியிருந்த கோடாலித் தைலத்தை எடுத்து, விரல் நுனியில் தொட்டு, குழந்தையின் மூக்குக்குக் கீழே கொண்டுபோனார். நான் சட்டென்று கையைப் பிடித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னையெல்லாம் லயத்துல இதைத் தடவித்தானே வளர்த்தோம், இப்ப என்ன புதுசா?" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்தச் சின்னக் கண்ணாடிப் புட்டியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். விடியும் முன் பிரட்டுக்கு (தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்) போகும்போது அம்மாவின் நெற்றியில் அந்த வாசம், வயிற்றுவலி என்றால் தொப்புளைச் சுற்றி அதே வாசம். அன்றைக்கு நின்று விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. வேதியியல் படித்த நானே இதைச் சொல்லாமல் இருந்தால் வேறு யார் சொல்வார்கள் என்று பிறகு தோன்றியது, அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

தைலத்தில் இருப்பதை நறுமண எண்ணெய் என்கிறோமே, தேங்காய் எண்ணெய்க்கும், நம்மைச் சுற்றி வரிசை வரிசையாக நிற்கும் செம்பனையின் எண்ணெய்க்கும் இதற்கும் பேரைத் தவிர பெரிய உறவு கிடையாது. வெள்ளைத்தாளில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், பக்கத்தில் ஒரு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டு வையுங்கள். மறுநாள் தேங்காய் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கும், தைலம் விட்ட இடம் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும். தைலத்தில் இருப்பவை சின்ன மூலக்கூறுகள், சாதாரண அறைச் சூட்டிலேயே பறந்துவிடும். பறப்பதால்தான் மூக்குக்கு எட்டுகிறது, வாசம் என்று நமக்குத் தெரிகிறது. இந்தப் பறக்கும் குணத்தை நினைவில் வையுங்கள், பின்னால் கொசு விஷயத்தில் தேவைப்படும்.

இந்த மூலக்கூறுகள் எதனால் ஆனவை என்பதுதான் எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்ப்பைத் தருகிற இடம். 1860-இல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர் ரப்பரைச் சூடாக்கிச் சிதைத்து, அதிலிருந்து வந்த ஆவியைக் குளிரவைத்து, லேசான ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ஐசோபிரீன். ஐந்து கார்பன் அணுக்கள் உள்ள சின்னச் செங்கல் அது. ஆயிரக்கணக்கான செங்கற்களை ஒரே சங்கிலியாகக் கோத்தால் ரப்பர். அதே செங்கல்லில் இரண்டே இரண்டைச் சேர்த்து அங்கங்கே கொஞ்சம் மாற்றினால் செராயின் (எலுமிச்சைப் புல்) சிட்ரால், புதினாவின் மெந்தால், யூகலிப்டஸின் சினியோல், கற்பூரம் எல்லாம் வந்துவிடும். மூன்றைச் சேர்த்தால் இன்னும் கனமான, மண்ணும் மரமும் கலந்த மாதிரியான வாசங்கள். (செடி நேரடியாக ஐசோபிரீனை எடுத்துக் கோப்பதில்லை, அதே ஐந்து கார்பன் சட்டத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவம் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் கணக்கு ஒன்றுதான்.) இந்தக் குடும்பத்துக்கு டெர்பீன்கள் என்று பெயர், இவற்றைச் சிக்கெடுத்து வகைப்படுத்திய ஓட்டோ வாலக்குக்கு 1910-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் நட்ட முதல் பால்மர (ரப்பர்) கன்றுகளில் மிஞ்சிய ஒன்று என்று ஒரு மரத்தை வேலி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம் பாட்டன்மார்கள் கப்பலேறி வந்து சீவிய பாலும், வீட்டுக்குப் பின்னால் பாட்டி நட்ட செராய்ப் புதரும் ஒரே செங்கல்லில் கட்டியவை. இரண்டுமே செடிக்குக் காவல்தான். ஓடி ஒளிய முடியாத செடி, கடிக்க வரும் பூச்சியையும் ஒட்டிக்கொள்ளும் பூஞ்சையையும் வேதிப்பொருளால்தான் விரட்டும். மரத்தின் காயத்தை மூடி, கடிக்கிற பூச்சியின் வாயை ஒட்டவைக்கிற பாலைத்தான் நாம் கோப்பையில் பிடித்தோம். செராய் இலைக்குள் தனித்தனிச் சின்ன அறைகளில் எண்ணெயைப் பூட்டி வைத்திருக்கிறது, கசக்கினால் அறை உடைந்து வாசம் வெளியே வரும். சும்மா நிற்கும் செராய்ப் புதர் அவ்வளவாக மணக்காமல், வெட்டியதும் வீடே மணப்பது அதனால்தான்.

அதை வெளியே எடுப்பது எப்படி? சிட்ராலைத் தனியாகக் கொதிக்கவைக்க 229 டிகிரி வேண்டும், அவ்வளவு சூட்டில் அது கெட்டுப்போகும். ஆனால் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே வந்துவிடுகிறது. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள் ஒரே பானையில் இருந்தால், ஒவ்வொன்றும் மற்றது இல்லாததுபோலத் தன் பங்குக்கு ஆவியை அனுப்பும். இரண்டு ஆவியின் அழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொட்டதும் பானை கொதிக்க ஆரம்பித்துவிடும். எண்ணெய் தண்ணீர் ஆவியின் முதுகில் ஏறி வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமான பானையில் நறுக்கிய செராயும் தண்ணீரும் போட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை உயர்த்தி வைத்து, மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே ஐஸ்கட்டி வைத்தேன். மூடியின் குமிழில் ஆவி குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டியது, மேலே மெல்லிய மஞ்சள் படலம் மிதந்தது. ஒரு கிலோ செராய்க்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய்கூடத் தேறாது. இதைச் செய்து பார்த்த பிறகுதான் அந்தச் சின்னப் புட்டிக்குள் எவ்வளவு செடி அடங்கியிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. ரசத்தில் ஒரு தண்டு செராய் போடுவதும் ஒரு கரண்டி செராய் எண்ணெயைக் குடிப்பதும் ஒன்றே அல்ல.

சரி, இப்போது தைலத்துக்கு வருவோம். கோடாலித் தைலத்தில் மெந்தால், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், மீதைல் சாலிசிலேட் எல்லாம் உண்டு. மெந்தால் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, தோல் உண்மையில் குளிரவில்லை, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. தோலின் நரம்பு நுனிகளில் குளிரைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு புரதம் இருக்கிறது, பெயர் டிஆர்பிஎம்8. குளிர்ந்தால் அது திறந்து, மூளைக்குக் 'குளிர்' என்று செய்தி அனுப்பும். மெந்தால் போய் அதே கதவைத் தட்டித் திறந்துவிடுகிறது, மூளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 2002-இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டம் படபூட்டியனும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். மிளகாயின் காரம் சூட்டைக் கண்டறியும் இன்னொரு புரதத்தைத் திறக்கிறது என்பதை ஜூலியஸ் குழு 1997-லேயே காட்டியிருந்தது. சூடு, குளிர், தொடுதல் பற்றிய ஆய்வுகளுக்காக இருவரும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. மெந்தாலை முகர்ந்தால் மூக்கு அடைப்பு விடுவதில்லை. காற்று போகும் அளவை அளந்து பார்த்தால் முன்னால் இருந்த மாதிரியேதான் இருக்கும். உள்ளே இழுக்கும் காற்று மூக்கின் குளிர் நரம்புகளைத் தொடுவதை வைத்துத்தான் மூளை 'நன்றாக மூச்சு வருகிறது' என்று முடிவுசெய்கிறது. மெந்தால் அந்த நரம்புகளைத் தூண்டுவதால் மூச்சு தாராளமாக வருவதுபோல இருக்கிறது. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி முழுக்க மூக்கடைத்துத் தூங்க முடியாத பெரியவருக்கு அந்த நிம்மதி உண்மையான நிம்மதிதான். ஆனால் சளி கரைந்தது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

கிராம்பு எண்ணெய் வேறு ஜாதி. அதிலுள்ள யூஜினால் இந்தச் செங்கல் கணக்கில் வருவதில்லை, செடி அதை வேறு வழியில் செய்கிறது. பல்லின் நரம்பில் வலி ஓட வேண்டுமானால் சோடியம் நுழையும் வாசல்கள் திறக்க வேண்டும், யூஜினால் அந்த வாசல்களை அடைக்கிறது. பல் டாக்டர்கள் போடும் மரத்துப்போகும் ஊசியும் அடிப்படையில் அதைத்தான் செய்கிறது. துத்தநாக ஆக்சைடையும் யூஜினாலையும் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைப்பது பல் மருத்துவத்தில் நீண்டநாள் வழக்கம், பழைய பல் கிளினிக்குகளில் நுழைந்தவுடன் அடித்த வாசம் அதுதான். என் மாமா ஒருவர் கடைவாய்ப் பல்லில் பஞ்சு வைத்துப் பஞ்சு வைத்தே மூன்று வாரத்தை ஓட்டினார். வலி அடங்கியது, சொத்தை அடங்கவில்லை, கடைசியில் தாடை வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. அப்புறம், கிராம்பு எண்ணெயைத் தனியாக ஈறில் வைத்தால் புண்ணாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உடம்புக்குள் போய் வேலைசெய்யும் எண்ணெய்களும் உண்டு. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்குப் புதினா எண்ணெய் மாத்திரையை மருத்துவர்களே தருகிறார்கள். குடல் தசை சுருங்குவதற்குக் கால்சியம் உள்ளே போக வேண்டும், மெந்தால் அதைத் தடுப்பதால் தசை தளர்ந்து பிடிப்பு விடுகிறது. ஆனால் அந்த மாத்திரைக்கு வயிற்றில் கரையாத உறை போட்டிருப்பார்கள், வயிற்றிலேயே திறந்துகொண்டால் நெஞ்செரிச்சல் வந்துவிடும். ஜெர்மனியில் சினியோலையும் இப்படி மாத்திரையாக மூச்சுக்குழாய் அழற்சிக்கும் சைனஸ் தொல்லைக்கும் கொடுக்கிறார்கள். எந்த மூலக்கூறு, எவ்வளவு, எந்த வழியாக என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிற இடத்தில்தான் இவை மருந்தாகின்றன. பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஒரே புட்டியைக் காட்டி முட்டிவலிக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் என்று விற்கிறவரிடம் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

கிருமியைக் கொல்லும் என்பதும் உண்மைதான். ஓமத்திலும் கற்பூரவல்லியிலும் இருக்கும் தைமால், கார்வக்ரால் போன்றவை கொழுப்பில் கரைபவை, பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து அதை ஓட்டையாக்கிவிடும், உள்ளே இருப்பது கசிந்து பாக்டீரியா செத்துப்போகும். வாய் கொப்பளிக்கும் மருந்துகள் சிலவற்றில் தைமால் சேர்ப்பது இதற்காகவே. ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியின் மேல் நேராக ஊற்றுவது வேறு, விழுங்கிய சொட்டு ரத்தத்தில் கலந்து, கல்லீரல் அதைச் சிதைத்தது போக மிச்சம் நுரையீரலுக்குப் போய்ச் சேருவது வேறு. தோலுக்கு மேலே என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரை வைத்து முகப்பருவுக்கு 5% தேயிலைமர எண்ணெய்க் களிம்பையும் பருவுக்கு வழக்கமாகத் தரும் 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன, எண்ணெய் மெதுவாக வேலைசெய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. அந்த மரமும், நம் ஊர்க் கடைகளில் விற்கும் காயு பூத்தே எண்ணெய் தருகிற கெலாம் மரமும் ஒரே பேரினம்.

கொசுவுக்கு வருகிறேன். இங்கே டெங்கி வராத தாமான் (குடியிருப்பு) இல்லை, 'செராய் வாங்கி' (serai wangi, சிட்ரோனெல்லா புல்) எண்ணெய் விற்காத கடையும் இல்லை. கொசுவுக்கு அந்த வாசம் உண்மையிலேயே பிடிக்காது. சிக்கல், தாளில் பார்த்தோமே, அதுதான்: பறந்துவிடும். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 23.8% டீட் (DEET என்ற வேதிப்பொருள்) உள்ள கொசு மருந்து சராசரியாக ஐந்து மணிநேரம் காப்பாற்றியது, செராய் வாங்கி எண்ணெயில் செய்த பொருட்கள் சராசரியாக 20 நிமிடத்தைக்கூடத் தாண்டவில்லை. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, பிள்ளைகள் காலையில் தடவிக்கொண்டு பள்ளிக்கூட வாசலை எட்டும்போதே பாதுகாப்பு முடிந்திருக்கும். செடியிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்றால், எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயின் சிட்ரோனெல்லாலை மாற்றிச் செய்யும் பிஎம்டி என்ற பொருள் இருக்கிறது. அது கனம் கூடியது, மெதுவாக ஆவியாவதால் மணிக்கணக்கில் நிற்கும். ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதைத் தடவக் கூடாது.

இனி பெரியம்மாவுக்கு அன்றைக்குச் சொல்ல வராதது. கைக்குழந்தையின் மூக்கில் மெந்தாலோ கற்பூரமோ பட்டால், தொண்டை அனிச்சையாக இறுகிக்கொள்ளலாம், மூச்சே சில நொடி நின்றுபோகலாம். பெரியவருக்கு ஜில்லென்ற நிம்மதி தருகிற அதே நரம்புத் தூண்டல், அந்தப் பிஞ்சு மூச்சுக்குழாய்க்குத் தாங்காது. கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும், அமெரிக்காவில் 1983-இலேயே மருந்துகளில் கற்பூரம் 11%-க்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். மீதைல் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம். கிட்டத்தட்ட முழுவதும் அதுவேயான தூய விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளின் சத்து இருக்கிறது, அதைக் குடித்துக் குழந்தைகள் இறந்ததுண்டு. தைலப் புட்டியில் அது மற்றவற்றோடு கலந்துதான் இருக்கும், இருந்தாலும் தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் அந்தப் புட்டி இருக்கவே கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உண்டா என்று பிறந்தவுடனே பார்த்துவிடுகிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அலமாரியில் போடும் நாப்தலீன் பூச்சி உருண்டையின் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கற்பூரத்தையும் சேர்த்தே தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

இதையெல்லாம் நேற்றுப் போய்ப் பெரியம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் உள்ளே போய், பேரனின் கிளினிக் புத்தகத்தை எடுத்துவந்து, "இதுல அந்த ஜி6பிடி எங்க போட்டிருக்கு, பாரு" என்று நீட்டினார். முதல் பக்கங்களிலேயே இருந்தது, நார்மல். சளிக்குக் கிளினிக்கில் கொடுத்த உப்புநீர்ச் சொட்டு மருந்தை இரண்டு மூக்கிலும் விட்டு, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கோடாலித் தைலம் சாமி மாடத்துக்கு மேலே ஏறியிருந்தது. தன் முட்டிக்கு மட்டும் ராத்திரியில் தடவிக்கொள்வாராம், தடவியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேரனைத் தூக்குவாராம்.