எழுத வரவில்லையா? எது வரவில்லை என்று பாருங்கள்

"எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது" என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, என்ன எழுத உட்கார்ந்தார் என்பதைத்தான். "தண்ணீர்ப் பிரச்சினை பற்றி", "இளைஞர்களும் செல்போனும்" என்று பதில் வந்தால் அது எழுத்துத் தடையே அல்ல. கையில் சரக்கு இல்லை, அவ்வளவுதான். அவரிடம் போய் தினமும் மூன்று பக்கம் எழுதச் சொன்னால், மூன்றும் "இன்றைய அவசர உலகில்" என்றுதான் தொடங்கும்.

1940களில் எட்மண்ட் பெர்க்லர் என்ற மனப்பகுப்பாய்வாளர் இந்த முடக்கத்துக்கு ஆங்கிலத்தில் "ரைட்டர்ஸ் பிளாக்" என்று ஒரு பெயர் வைத்தார். சளிக்கும் மலேரியாவுக்கும் சேர்த்துக் "காய்ச்சல்" என்பதுபோல, அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். காரணம் வேறாக இருந்தால் மருந்தும் வேறுதான்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, எழுத நினைத்ததை நண்பரிடம் சொல்வதுபோல ஐந்து நிமிடம் பேசுங்கள். இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிவிட்டால் சரக்குப் பஞ்சம். ஐந்து நிமிடமும் பேசி, எங்கெங்கோ தாவினால் சரக்கு உண்டு, அதைக் கட்டிவைக்கும் கேள்விதான் இல்லை. சரளமாகப் பேச வருகிறது, எழுதத்தான் வரவில்லை என்றால், உள்ளே ஒரு திருத்துநர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

அதிகம் பேர் மாட்டுவது முதல் வகையில். "தண்ணீர்ப் பிரச்சினை" என்பது மேடைக்கான தலைப்பு. அதை விட்டுவிட்டு, வாசலில் இருக்கும் 20 லிட்டர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டுமே 20 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதை யார் தூக்கி வருகிறார்? மாடிக்குத் தனிக் காசா, கேன் விலையிலேயே அடக்கமா? திறந்த வண்டியில் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கிறது? லேபிளில் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 14543 என்ற குடிநீர்த் தர எண் இருக்கிறதா, தேதி படிக்கிற மாதிரி இருக்கிறதா? கேன் வருவதற்கு முன்னால் அந்தத் தெரு எதைக் குடித்தது? இதில் எந்தக் கேள்வியைப் பிடித்தாலும் ஒரு கட்டுரை தேறும். ஒன்றுக்குக்கூட நாற்காலியில் உட்கார்ந்தபடி பதில் கிடைக்காது. கேன் போடுபவரிடம் கால் மணி நேரம் பேச வேண்டும் (வண்டி காலியான பிறகு, தோளில் கேனோடு நிற்பவரை நிறுத்திப் பேட்டி எடுப்பது பாவம்).

குறிப்பு எடுப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. "பையன் களைப்பாக இருந்தான்" என்று எழுதி வைத்தால் இரண்டு வாரம் கழித்து அதிலிருந்து ஒன்றும் பெயராது. களைப்பு நீங்கள் எடுத்த முடிவு, பார்த்தது அல்ல. "இடது தோளில் மடித்த கோணித் துண்டு. நாலாவது கேனுக்குத் துண்டை வலது தோளுக்கு மாற்றினான்" என்று எழுதியிருந்தால் அதுவே ஒரு பத்தியின் தொடக்கம். சொன்ன பேச்சை, சொன்ன கொச்சையிலேயே எழுதுங்கள். பார்த்தது ஒன்று, கேட்டது ஒன்று, ஒரு எண், பதில் தெரியாத ஒரு கேள்வி: நாளுக்கு இந்த நாலு வரி போதும். மாதம் முடிந்து புரட்டும்போது, திரும்பத் திரும்ப வருகிற கேள்விதான் நீங்கள் எழுத வேண்டியது.

வெளியே போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழக அரசுத் துறைகள் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது (செலவுக்குப் பணம் கேட்கும்போது) வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. படிக்கச் சலிப்பாக இருந்தாலும் கேள்விகள் கொட்டிக் கிடக்கும். மத்திய அரசு அலுவலகமோ மாநில அலுவலகமோ, தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. பதிலே தராமல் இழுத்தடித்தால் அதுவும் எழுதக்கூடிய விஷயம்தான்.

சரக்கு மிஞ்சிப் போனவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. ஐந்து கேள்வி எழுதி நாலை அடித்துவிடுங்கள். மிஞ்சிய கேள்விக்குப் பதில் சொல்லாத தகவல், எவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்ததாக இருந்தாலும், வேறு கோப்புக்குப் போகட்டும். 700 சொல்லில் மூன்று விஷயத்துக்கு மேல் நிற்காது.

இனி, அந்தச் சிவப்புப் பேனா. 1980இல் மைக் ரோஸ் என்பவர் கலிபோர்னியாவில் பத்து மாணவர்களிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டார். ஐந்து பேர் எழுத முடியாமல் திணறியவர்கள், ஐந்து பேர் எழுதக்கூடியவர்கள். திணறியவர்கள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. "முதல் பத்தியே வாசகரை இழுக்க வேண்டும்" என்பது மாதிரியான விதிகளை அசையாத சட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம்மிடம் இதற்கு மேல் ஒரு சுமை உண்டு. பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். முதல் வரியிலேயே ஒற்று மிகுமா மிகாதா, "வாழ்த்துகள்" சரியா "வாழ்த்துக்கள்" சரியா என்று நின்றால் இரண்டாவது வரி எப்படி வரும்? ஒலிபெயர்ப்பு விசைப்பலகை வேறு, ஒவ்வொரு சொல்லுக்கும் நாலு பரிந்துரையை நீட்டி எடுக்கச் சொல்கிறது.

முதல் வரைவைப் பேச்சுத் தமிழிலேயே போடுங்கள். பத்து நிமிடம் அலாரம் வைத்து, அழிக்கும் விசையைத் தொடாமல், இரண்டாவது பத்தியிலிருந்து ஆரம்பியுங்கள். பெயரோ எண்ணோ நினைவுக்கு வராவிட்டால் "???" போட்டுத் தாண்டுங்கள், தேடப்போனால் அரை மணி நேரம் கழித்து யூடியூபில்தான் இருப்பீர்கள். குரல்வழித் தட்டச்சும் உதவும். ஆனால் ல, ள, ழ குழம்பும், முற்றுப்புள்ளி பெரும்பாலும் விழாது. அன்றே திருத்திவிடுங்கள். மூன்று நாள் போனால் நீங்கள் சொன்னது உங்களுக்கே பிடிபடாது. ஒற்று பார்ப்பது மறுநாள் வேலை.

மனசு வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதற்குச் சான்று உண்டு. 1983இல் உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், எழுத முடியாமல் தவித்த கல்வியாளர்கள் 27 பேரை மூன்று குழுவாக்கிப் பார்த்தார். தோன்றியபோது மட்டும் எழுதிய குழுவைவிட, பிடிக்கிறதோ இல்லையோ குறித்த நேரத்தில் எழுதியாக வேண்டியிருந்த குழு அதிகப் பக்கம் எழுதியது. புது யோசனைகளும் அந்தக் குழுவுக்குத்தான் அதிகம் வந்தன.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எழுத்து மட்டுமல்ல, பிடித்த எதிலுமே நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

வரத் தொடங்கிய பிறகு செய்யும் தவறு, வற்றும்வரை எழுதுவது. மறுநாள் மறுபடி வெற்றுத் தாள் முன்னால் உட்கார வேண்டியிருக்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிகிற இடத்திலேயே நிறுத்தி, கீழே ஒரு வரி கிறுக்கி வையுங்கள்: "நாளைக்கு: கோணித் துண்டு, தோள் மாத்துறது. அப்புறம் மாடிக் காசு."